மன்னவனூர் புல்லுக்கு ஒரு சாட்சி

ஏரியில் படகுச் சவாரி, கோக்கர்ஸ் வாக்கில் ஒரு போட்டோ, பை நிறைய சாக்லேட். இத்தோடு கொடைக்கானலை முடித்துக்கொண்டு மலையிறங்குகிறவர்களே அதிகம். இன்னும் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். வழியில் பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு, புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இருண்ட பைன் காடுகளைத் தாண்டியதும் சட்டென்று வானம் திறக்கிறது. மேடு மேடாகப் புல். பள்ளத்தில் ஓர் ஏரி. மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் பாரத் மெரினோ ஆடுகள்.

'மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்களோ?' என்று தோன்றும். உண்மை நேர்மாறு. புல்தான் இந்த மேட்டின் பழைய குடி. ஈரமான பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு இருக்கும். பெய்யும் மழையைப் பிடித்து வைத்து, ஓடைகளுக்கு நிதானமாக விடுவது இவை இரண்டும்தான். பைன், யூகலிப்டஸ், வாட்டில் எல்லாம் பிற்பாடு மனிதர்கள் நட்டவை. 1973-லிருந்து 40 ஆண்டுகளில், பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்கிறது 2018-ல் வெளியான ஓர் ஆய்வு.

மிச்சமிருப்பது என்ன, போனது என்ன என்று சொல்ல யாராவது முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி எழுதியவர்களில் முக்கியமானவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

இந்த மலைக்குக் கிறிஸ்தவர்கள் வந்த கதையே உயிர்ப் பயத்தில் தொடங்கியது. கீழ்நாட்டுக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பிக்க, மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1895-ல் இயேசு சபையினர் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். இளம் துறவிகள் துறவறப் படிப்போடு செடிகொடிகளையும் பூச்சிகளையும் படித்த இடம் அது. அங்கிருந்த ஆங்லாத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து, பழனி மலையின் பழங்காலக் கற்திட்டைகளைத் தேடித்தேடிப் பதிவு செய்தார். இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் அதை நூலாக்கியது. மதம் பரப்ப வந்தவருக்கு யாருடையதோ ஈமக் கற்களில் என்ன வேலை என்று கேட்கலாம். நல்லவேளை, அவர் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வரிசையில் வந்தவர்தான் கே.எம். மேத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினாட் தாவரக் காப்பகத்தைத் தொடங்கியவர். கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்து குடியேறிய செடிகளைப் பற்றி 1969-லேயே தனியாக ஆராய்ந்து எழுதினார். இன்று புல்வெளியை விழுங்குகிறவற்றில் அந்த விருந்தாளிகளும் உண்டு. பிறகு மலை மலையாக ஏறி இறங்கி, செடியைப் பறித்து, காகிதத்தில் வைத்து அழுத்தி, உலர்த்தி, இடமும் தேதியும் குறித்து வைக்கிற பொறுமையான வேலை. பழனி மலைத் தாவரங்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1999-ல்தான் மூன்று பாகங்களாக வந்தது.

கிறிஸ்தவர்களின் பேச்சில் 'சாட்சி' என்பது பெரிய சொல். இயேசு விண்ணேறியபோது சீடர்கள் வானத்தையே அண்ணாந்து பார்த்து நின்றார்களாம். ஏன் இப்படி நிற்கிறீர்கள், அவர் திரும்பி வருவார் என்று வெள்ளுடை அணிந்த இருவர் சொன்னதாக பைபிளின் 'திருத்தூதர் பணிகள்' கூறுகிறது. அதன் பிறகே அவர்கள் ஊருக்குத் திரும்பி வேலையைப் பார்க்கப் போனார்கள். மேத்யூ அண்ணாந்து பார்த்து நிற்கவில்லை. குனிந்து புல்லைப் பார்த்தார். கோர்ட்டில் சாட்சி செய்வதும் இதைத்தானே? கண்டதைக் கண்டபடி சொல்வது.

அவர் 2004-ல் காலமானார். இரண்டே ஆண்டில், 2006-ல் குறிஞ்சி பூத்தது. 2018-லும் பூத்தது. அடுத்தது 2030.

மன்னவனூரிலிருந்து திரும்பி வத்தலகுண்டு பக்கம் மலையிறங்குகிறவர்களுக்கு செண்பகனூர் வழியில்தான். அங்கே ஓர் இயற்கை அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகள் பாடம் செய்யப்பட்ட விலங்குகளைப் பார்த்து ஆச்சரியப்படுகிற நேரத்தில், பெரியவர்கள் அங்கே இருக்கும் செடிகளையும் கொஞ்சம் பார்த்து வரலாம்.