ஸ்டில்லா, ஹஸ்க்வர்னாவா?

2018-ல் கஜா புயல் டெல்டாவில் சாய்த்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்த செயின்சாக்கள்தான் கைகொடுத்தன. உங்கள் தோப்புக்கும் ஒன்று வாங்கப் போனால், ‘ஸ்டில்லா, ஹஸ்க்வர்னாவா?’ என்று பட்டிமன்றமே நடத்துவார்கள். முன்னது 1926-ல் ஜெர்மனியில் பிறந்தது. பின்னது ஸ்வீடன் கம்பெனி. 1689-ல் துப்பாக்கியில் ஆரம்பித்து 1959-ல் செயின்சாவுக்கு வந்தது. இரண்டுமே நன்றாக அறுக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. ஓடுகிற ரம்பத்தின் நுனி மரத்தில் இடித்தால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்துகிற பிரேக் இருக்கிறதா? மழுங்கின செயினுக்கு அரம் போட, ஸ்பேர் வாங்க, பக்கத்து டவுனில் ஆள் உண்டா? ‘எல்லாம் இருக்கு சார்’ என்றால், ‘பிரேக்கைப் போட்டுக் காட்டுப்பா’ என்று கேளுங்கள். காட்டுகிற கடையில் வாங்குங்கள்.

காசு கொடுப்பது நீங்கள். மெஷினைப் பிடிக்கப் போவது கூலிக்கு வருகிறவர். முகம் அவருடையது.