எந்தத் தெரு?

கடலூர்க்காரர்களுக்குத் திருவந்திபுரம் என்றால் கல்யாணம்தான். முகூர்த்த நாளில் தேவநாதசுவாமி கோயில் வாசலில் எத்தனை மாலை, எத்தனை வேன்! 2018 பிப்ரவரியில் என்.எஸ்.எஸ். முகாமுக்காக மாணவர்களோடு அந்த வழியாகப் போனபோது, பஸ்ஸில் எல்லாருக்கும் சொல்ல ஒரு கல்யாணக் கதை இருந்தது. அதைத் தாண்டி மேற்கே, பாலூர் ரோட்டில் போயிருக்கீங்களா என்று கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. படிக்கிற பிள்ளைகள் ஏழு நாள் கிராமத்தில் தங்க வேண்டும், கிராமத்தை அறிய வேண்டும். நாங்கள் அறிந்துகொள்ள எடுத்துப் போனது சர்வே ஃபாரம். கழிப்பறை உண்டா, கடன் உண்டா, மாத வருமானம் என்ன? முதல் நாளே அறுபது வீடு முடித்துவிட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

மறுநாள் திண்ணையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயா என்னை நிறுத்தினார். "எங்கடன் எவ்ளோன்னு கேட்டு எழுதிக்கினு போச்சுங்க சார் புள்ளைங்க. அதுங்க பேர்கூட சொல்லல."

பாவ்லோ ஃபிரையிரேவை வகுப்பில் நடத்தியவன் நான். ஆசிரியர் போட்டு வைக்க, மாணவர் வாங்கி வைக்கும் கல்வியை அவர் வங்கி முறை என்றார். நாங்கள் அந்த வங்கியைத் திருப்பிப் போட்டிருந்தோம்: ஊர் போட்டது, நாங்கள் எடுத்தோம். அன்று சாயங்காலம் ஃபாரங்களைக் கட்டி வைத்தேன். இனி ஒரு கேள்வி கேட்டால், அவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

பேச்சு மாறியது. கடலூர் டவுன் பையன் ஒருவன், முந்திரி மரமெல்லாம் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு என்று கேட்டான். "தானே புயல்ல எல்லாம் போச்சு தம்பி. தாத்தா வெச்ச மரம். அந்த வருஷம்தான் எம்மவன் திருப்பூர் போனான்" என்றார் ஒருவர். பிறகு அவர் கேட்டார்: "அன்னிக்கு நீ எங்க இருந்த?" 2011 டிசம்பர் 30. பையன் யோசித்தான். "ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். கரண்ட் இல்லாம டிவி பாக்க முடியலன்னு அழுதேன் அங்கிள்." அவர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. இரவு ஃபாரத்தின் பின்பக்கம் அந்த மரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாம் நாள், நன்றாகப் பேசும் மாணவி ஒருத்தியிடம் அதே ஆயா கேட்டார்: "நீ எந்தூரும்மா?"

"கடலூர் ஆயா."

"கடலூர்ல எந்தத் தெரு?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ராத்திரி என்னிடம் வந்து சொன்னாள். அவள் ஊர் கடலூர் இல்லை. அங்கிருந்து நான்கு ஸ்டாப் தள்ளி இருக்கும் ஒரு காலனி. பஸ்ஸில் நான் கேட்டபோதும் கை தூக்கவில்லை. இரண்டு வருடமாக வகுப்பில் யாருக்கும் தெரியாது. "பதில் சொல்லணும்னு நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க சார். அவன் டிவிக்கு அழுதேன்னு சொன்னா சிரிப்பாங்க. நான் தெரு பேர சொன்னா நாளைக்கு அந்தத் திண்ணையில உக்காரவே முடியாது."

நகரம் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம் என்று பாலம் கட்ட வந்தவன் நான். கிராமத்துக்குள்ளேயே இருக்கிற கோட்டை அவள்தான் காட்டினாள். எங்கள் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊர்க் காலனிக்குக் கடைசி நாள் மத்தியானம் என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் காலனிக்குப் போனோம். விதியையும் மாற்றினேன்: பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க இரண்டு பக்கமும் உரிமை உண்டு. அவள் வந்தாள். ஒரு வீட்டு வாசலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அந்தத் திண்ணைப் பக்கம் ஏழாம் நாள் வரை அவள் போகவில்லை. அதை நானும் ஆயாவும் சரிசெய்துவிட்டோம் என்று சொன்னால் பொய்.

ஒன்று மட்டும் செய்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் முதல் வகுப்பில், "பேர் சொல்லுங்க, ஊர் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். இப்போது ஊர் கேட்பதில்லை. காலேஜுக்கு வர எத்தனை மணிக்கு எழுந்தீங்க என்று கேட்கிறேன். நாலரை மணி என்று ஒரு குரல் வரும். எட்டு மணிக்கு எழுந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் நாலரை என்று அவர்களே கேட்பார்கள். சொல்வதும் சொல்லாததும் அந்தக் குரலின் விருப்பம்.