தோள் கொடுப்போரின் மனமும் அமானிதமே

மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபனிடுவோருக்காக மஹல்லாவில் எல்லோரும் துஆச் செய்கிறார்கள். அவர்கள் இரவில் உறங்குகிறார்களா என்று கேட்பவர் அரிது. எங்கள் ஜமாஅத்தில் ஜனாஸாப் பணி செய்துவரும் ஒன்பது பேர் சார்பில் இதை எழுதுகிறோம். எங்களுள் ஒருவர் தச்சர், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நால்வர் கடை வைத்திருப்பவர்கள், மூவர் பெண்கள். இதற்கெனக் கூலி பெறுவதில்லை. அல்லாஹ்விடமுள்ள கூலியையே நாடுகிறோம்.

இலந்தை இலை இட்ட நீரால் கழுவுவதும், இறுதியில் கற்பூரம் கலந்த நீரை ஊற்றுவதும், ஆணுக்கு மூன்று துணிகளாலும் பெண்ணுக்கு ஐந்து துணிகளாலும் கபனிடுவதும் மூத்தோர் எங்களுக்குக் கற்றுத் தந்தவை. அப்போது வெளியே உறவினர் கூடியிருப்பர். மையவாடி வரை ஊரே தோள் மாற்றிச் சுமக்கும். துக்கம் அவ்வாறு பலருக்கும் பங்காகிவிடும்.

கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய 2021ஆம் ஆண்டில் அந்த ஒழுங்கு குலைந்தது. பிணவறையிலிருந்து பைகளில் சுற்றப்பட்டு வந்த உடல்களைக் குளிப்பாட்ட வழியில்லை. பெற்ற பிள்ளைகளும் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் தன்னார்வலர்கள் பிற சமயத்தவரின் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தும் தகனம் செய்தும் உதவினர். நாங்களும் சென்றோம். ஒரே நாளில் மூன்று, நான்கு அடக்கங்கள் நிகழ்ந்தன. ஊர் சுமக்க வேண்டியதை ஒரு சிலரே சுமந்தோம்.

அந்நாட்களில் எங்களுள் யாரும் அழவில்லை, அதற்கு நேரமிருக்கவில்லை. அலை ஓய்ந்து சில மாதங்கள் சென்ற பின்னரே எங்களுள் இளையவரிடம் மாற்றம் தெரிந்தது. கற்பூர மணம் பட்டாலே மூச்சடைப்பதாகச் சொன்னார். தொழுகையில் நின்றால் பையின் ஜிப்பை இழுக்கும் ஒலி கேட்கிறது என்றார். தம் குழந்தையைக் குளிப்பாட்டத் தொடங்கிய ஒரு நாள், கை நடுங்கிப் பாதியில் எழுந்துவிட்டார். ஈமான் உறுதியாக இருந்தால் இப்படி வராது என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் வேறு சிலர். நோயைக் காட்டிலும் ஊர்ப்பேச்சே அவரை வதைத்தது. தங்கையின் நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

துயரம் ஈமானின் குறைவு என்போர் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைச் சற்று நினைவுகூர வேண்டும். கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு 'துயர ஆண்டு' என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபியவர்கள் கண்ணீர் வடித்தார்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் குடும்பத்துக்கும் உள்ளது போலவே தம் சொந்த ஆன்மாவுக்கும் அவர்மீது உரிமை உண்டென ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதைச் செவியுற்ற நபியவர்கள் ஸல்மான் சொன்னது உண்மையே என்று ஏற்றார்கள். வணக்கத்துக்கே இத்தகைய வரம்பு இருக்குமாயின், சமூகப் பணிக்கும் அது உண்டு.

934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தவர். சினம், அச்சம், துயரம், விடாது அலைக்கழிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பரிகாரம் எழுதினார். மனநல மருத்துவரிடம் செல்வது நம் மரபுக்கு அந்நியம் என்று கருத இடமில்லை.

எங்கள் ஆசிரியரே இளையவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். பேரிடர்ப் பணியில் ஈடுபட்டோருக்கு இந்நிலை வருவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். மருந்தும் ஆலோசனையும் பல மாதங்கள் தொடர்ந்தன. அல்ஹம்துலில்லாஹ், இப்போது அவர் உறங்குகிறார், பணிக்கும் திரும்பியுள்ளார்.

எங்கள் பணியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மய்யித்திடம் கண்ட குறைகளை வெளியிடாமல் மறைப்பது குளிப்பாட்டுவோரின் கடமை. அக்கடமையைப் பேணிப் பேணித் தம் மனத்தில் பட்ட காயத்தையும் சேர்த்துப் பூட்டிவைப்பது பழக்கமாகிவிடுகிறது. எனவே, அடக்கம் முடிந்ததும் பள்ளித் திண்ணையில் தேநீர் அருந்தியவாறு கால்மணி நேரம் அமர்கிறோம். மய்யித்தைப் பற்றி ஒரு சொல்லும் எழாது. தமக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் விரும்புவோர் சொல்வர். பெண்கள் மூவரும் ஒருவர் இல்லத்தில் அவ்வாறே கூடுகின்றனர். குளிப்பாட்டிவிட்டு வந்த கையோடு அடுப்படியில் நிற்க வேண்டியிருப்பதால் அவர்களது களைப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

குழந்தையின் மய்யித்தைக் குளிப்பாட்டியவருக்கு அடுத்த முறை ஓய்வு தருகிறோம். கைக்குழந்தை உள்ளவரை அப்பணிக்கு அழைப்பதில்லை. ஒருவர் அழுதால் எங்களுக்கு அச்சமில்லை. மய்யித்தைக் கண்டு எதுவுமே தோன்றவில்லை என்று ஒருவர் சொன்னாலோ, எரிச்சலுடன் பேசத் தொடங்கினாலோ அவருக்கு ஓய்வு தேவை என்று உணர்கிறோம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஜனாஸாப் பணிக்குக் குறைந்தது இரு குழுக்களையேனும் அமைக்குமாறு வேண்டுகிறோம். ஒரே சிலர் மீது எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு அவர்களது இக்லாஸைப் புகழ்வது போதாது. மன உளைச்சல் உள்ளோர் நடுவண் அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். அடக்கம் முடிந்து வீடு திரும்புபவரிடம் மவுத்தின் விவரங்களை உடனே விசாரிக்காதீர்கள். குளிக்கட்டும், உண்ணட்டும், சற்றுப் படுக்கட்டும். பின்னர் அவரே பேச முன்வந்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். பிறர் துயரைச் சுமப்போரின் உள்ளங்களை அல்லாஹ் காத்தருள்வானாக, ஆமீன்.