பொம்மை இல்லாத போர்க்களம்

ஞாயிறு மாலை கிள்ளானில் கொமுட்டர் ஏறினால், ஒரு மணி நேரம் போலப் பயணம்; கே.எல். சென்ட்ரல் வந்துவிடும். சாலையைக் கடந்தால் பிரிக்பீல்ட்ஸ். பூக்கடையும் வடைச் சட்டியும் வாசத்தாலேயே வரவேற்கும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோல் தரையைத் தட்டும் ஓசை இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல.

இங்கே நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் ஐந்து பேர் கூடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறோம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைமாந்தர்களாகி முடிவெடுப்பார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் கதைசொல்லி நான். சண்டை வந்தால் கட்டம் போட்ட தாளை விரித்துப் பொம்மைகளை நகர்த்துவோம்.

போன வருடம் பார்வையில்லாத தம்பி ஒருவர் சேர்ந்தார். "எதிரி ஆறு கட்டம் தள்ளி நிற்கிறான்" என்றே நடத்தினேன். தன் முதுகுக்குப் பின்னால் சுவர் என்று அவர் நினைத்திருந்தார். என் தாளில் அங்கே இன்னொரு எதிரி. அவருடைய வீரன் செத்தான்.

"அண்ணே, நீங்கல்லாம் பார்த்து விளையாடுறீங்க. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன். அடுத்த வாரம் வரல."

ஆனாலும் அன்றிரவு ஸ்டேஷன்வரை கூடவே வந்தார். நடைபாதையின் மஞ்சள் ஓடுகளைக் காலால் தடவிக் காட்டினார். கோடு என்றால் நடக்கலாம். புள்ளி என்றால் நிற்க வேண்டும். "நான் அடி எண்ணுறதில்ல அண்ணே. பூக்கடை, வடை, அப்புறம் மோனோரயில் சத்தம். அவ்வளவுதான்."

மறுவாரம் அவரைக் கெஞ்சி வரவழைத்தேன். தாளை எடுக்கவில்லை. 1867இல் மூண்ட சிலாங்கூர் உள்நாட்டுப் போரை நினைவூட்டி எங்கள் கிள்ளானில் நிற்கும் ராஜா மகாடி கோட்டை வாசலையே களமாக்கினேன்.

"வாசல் உன் முதுகுக்குப் பின்னால். வலப்பக்கம், கீழே, ஆற்றுச் சத்தம். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இரண்டு பேர். மேட்டில் துப்பாக்கியோடு ஒருவன்."

ஒவ்வொருவர் முறைக்கு முன்பும் யார் யாருக்கு அருகில் என்று மறுபடி சொன்னேன். பகடை உருட்டுமுன் என்ன ஆபத்து என்றும் சொன்னேன். குழப்பம் வந்தால் ஆடுகிறவர் மனத்தில் இருந்த படத்துக்கே விட்டுக்கொடுத்தேன்.

நடுவில் கண் தெரிந்த நண்பர் ஒருவர் தடுமாறினார்: "ஆறு எந்தப் பக்கம்?"

நான் வாய் திறக்குமுன் தம்பி சொன்னார்: "வலப்பக்கம், கீழே. பார்த்து இறங்குங்கண்ணே!"