லாஸ்பேட்டையில் ஒரு பிரேக்!

பாண்டிச்சேரிக்குப் போனா என்ன செய்வீங்க? பீச் ரோடு, பிரெஞ்சுத் தெருக்கள், ஆரோவில்னு ஒரு ரவுண்டு அடிச்சிட்டு பஸ் ஏறிடுவீங்கதானே? அடுத்த தடவை ஒரு சாயங்காலத்தை லாஸ்பேட்டைக்கு ஒதுக்குங்க பாஸ். தாகூர் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக்னு எப்பவும் ஸ்டூடண்ட்ஸ் நடமாட்டம் இருக்கிற அந்த ஏரியாவில்தான் விமான நிலையமும் இருக்கிறது. கேமராவை மட்டும் பைக்குள்ளேயே வைங்க, காவல் உண்டு!

இங்கே ரன்வே நீளம் சுமார் 1,500 மீட்டர்தான். சென்னையின் பெரிய ரன்வே 3,600 மீட்டருக்கும் மேல். அதனால் பெரிய ஜெட் எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனா பைலட் ஆகப் பழகுற பையனுக்கோ பொண்ணுக்கோ இது கடல் மாதிரி. ஒரு காலத்தில் விமானப் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்கள் இங்கேதான் ஏறி இறங்கின. செஸ்னா 152 மாதிரியான ரெண்டு சீட் விமானம் தரையைத் தொட்ட பிறகு நிற்க, சுமார் 150 மீட்டர் ஓட்டமே போதும். மொத்த ரன்வேயில் பத்தில் ஒரு பங்கு!

இந்தக் குட்டிக்குக் கால் மூன்று. பின்னால் இருக்கிற ரெண்டு கால்களில் ஷாக் அப்சார்பரே கிடையாது. வெறும் உருக்குக் கம்பி, வளைந்து நிமிரும், அவ்வளவுதான். ரிப்பேர் குறைவு, ஆனா குணம் கொஞ்சம் மோசம். வேகமா மோதினா, வாங்கின அடியை அப்படியே திருப்பிக் கொடுத்து விமானத்தை மறுபடி மேலே எத்திவிடும். முன் சக்கரத்துக்கு மட்டும் எண்ணெயும் அழுத்தக் காற்றும் அடைத்த குழாய் உண்டு. அது மென்மையான ஆசாமி. முன் சக்கரத்தை முதலில் குத்தி இறக்கினால், அதற்குப் பின்னால் இருக்கிற தகடே நசுங்கிப்போகும்.

பிரேக் எங்கே என்கிறீர்களா? நம்ம பைக்கில் இருக்கிற மாதிரி ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்தான், ஆனா பின் சக்கரங்கள் ரெண்டில் மட்டும். பெடல்களின் மேல் நுனியைக் கால் விரலால் அழுத்தணும். வலது நுனி வலது சக்கரத்துக்கு, இடது நுனி இடது சக்கரத்துக்கு. ஒன்றை மட்டும் மிதித்தால் விமானம் அந்தப் பக்கமே திரும்பும். அதனால்தான் இறங்கும்போது குதிகாலைத் தரையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தெரியாமல் நுனியை மிதித்தபடி இறங்கினால், சக்கரம் சுற்றாமல் தேய்ந்து டயர் வெடிக்கலாம்.

ரன்வேதான் நீளமா கிடக்கே, கொஞ்சம் வேகமா வந்தா என்னன்னு தோணும். அங்கேதான் ஆபத்து. 50 நாட் வேகத்தில் தொடவேண்டியவர் 60-ல் தொட்டால், வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனா பிரேக் விழுங்கவேண்டிய சக்தி 44 சதவீதம் கூடிவிடும். லாஸ்பேட்டை இதை மன்னிக்கும். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் ரன்வே சின்னதாக இருந்தால்?

பாண்டியில் இன்னொரு பிரேக் இலவசம். அதுதான் கடல்காற்று. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து அது வீச, விமானம் மேற்கிலிருந்து அதை எதிர்த்து வந்தால் தரை மேல் ஓடும் வேகம் தானே குறைந்துவிடும்.

ரன்வேயை நீட்டலாமேன்னு பல வருஷமாப் பேச்சு நடக்கிறது. அதற்குத் தமிழ்நாட்டுப் பக்க நிலமும் வேணும். பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன எல்லைக்கோடு அப்படி! 2013-ல் புது டெர்மினல் வந்தது. விமானங்கள் வரும், நிற்கும், மறுபடி வரும். 2024 டிசம்பரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். வர ஆரம்பித்தது. அது இறங்குவதைப் பார்க்கக் கிடைத்தால், சக்கரத்தைக் கவனியுங்க. பின் டயர்கள்தான் முதலில் தொடும். அசையாமல் இருந்த டயர் ஒரே நொடியில் சுற்றத் தொடங்குவதால் லேசாகப் புகை கிளம்பும். முன் சக்கரம் அப்புறம்தான், மெதுவா.