பூசத்தன்றா, பிறகா?

தைப்பூசத்துக்கு முந்தின இரவு ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டால் பழனி வரைக்கும் சாலையோரம் முழுக்க மனிதக் கால்கள்தான். பச்சை வேட்டி, மஞ்சள் சேலை, பையின் முதுகில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர், சிலர் தோளில் மயிற்பீலிக் காவடி. விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று ஊருக்கு ஊர் அன்னதானப் பந்தல்கள். தண்ணீர் பாக்கெட்டை நீட்டியபடி கூடவே ஓடி வருகிற சிறுவர்கள். முன்பின் தெரியாதவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தைலம் தேய்த்துவிடுகிறவர்கள். இவ்வளவு பேரிலும் பெரும்பாலோருக்கு ஒரே கணக்கு: விடிவதற்குள் பழனி, பூசத்தன்று மலையேறித் தரிசனம்.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். காரைக்குடிப் பக்கத்துக் குழு ஒன்றோடு பல வருஷமாக நடந்து வருகிறேன். நாள்கணக்கில் நடந்த நடை எப்போது முடிய வேண்டும் என்பதை நடந்தவர்தான் தீர்மானிக்க வேண்டும். கூட்டம் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிற நேரத்தில் மலையேறுவது அந்த நடைக்குச் செய்கிற குறை என்பது என் திடமான எண்ணம்.

பூசத்தை நோக்கி நடப்பதில் பெரிய அறிவு இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தை மாதத்தில் சூரியன் மகரத்தில் இருக்கிறான். பூச நட்சத்திரம் அதற்கு நேர் எதிரே கடகத்தில். அதனால்தான் தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. ஒரு வாரம் முன்னால் கிளம்புகிறவருக்கு முதல் இரவில் கிடைப்பது அரை நிலா. நடுச்சாமத்தோடு அது இறங்கிவிடும். அடுத்தடுத்த இரவுகளில் நிலா வளரும், வானத்தில் நிற்கிற நேரமும் கூடும். கடைசி இரவில் பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரை தலைக்கு மேலேயே வரும். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இரவு நடையாகவே வந்தவர்களுக்கு இதைவிட நல்ல வாரம் வருஷத்தில் வேறு ஏது? வெயில் இன்னும் ஏறவில்லை. பல ஊர்களில் நெல் அறுத்துக் களத்துக்கு வந்திருக்கும். இதே பழனிக்குப் பங்குனி உத்திரத்தில் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தார்ச்சாலைச் சூட்டை நினைத்துப் பார்த்தால் தை மாதத்தின் அருமை புரியும்.

ஆனால் நடையைப் பூசத்துக்கு வைத்த நம் முன்னோர்கள் மலையேறுவதையும் அதே நாளில்தான் வைத்தார்களா? இங்கேதான் இரண்டு பழைய மரபுகள் என்னை யோசிக்க வைத்தன.

ஒன்று, நகரத்தார் காவடி. குன்றக்குடியிலிருந்து புறப்பட்டு நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்து வருகிற இந்த மரபுக்கு வயது ஏறத்தாழ நானூறு ஆண்டு என்பார்கள். பழனிக்கு வந்து சேர்ந்த கையோடு இவர்கள் காவடியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிடுவதில்லை. பூசம் போய், ஆயில்யம் போய், மகத்தன்றுதான் காவடி செலுத்துகிறார்கள். பிறகு காவடியோடு நடந்தே ஊர் திரும்புகிறார்கள். வந்து சேர்வதற்கும் செலுத்துவதற்கும் நடுவே ஓர் இடைவெளியை மரபே வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். காலில் கட்டியிருந்த துணிகள் அவிழ்கின்றன. வழியில் பேச முடியாமல் போன உறவுகளெல்லாம் பேசித் தீர்க்கிறார்கள். பூசை நடக்கிறது. நடந்த களைப்பு இறங்கிய பிறகு, நடந்தோம் என்கிற நிறைவு மட்டும் மிச்சமிருக்கும்போது மலையேறுகிறார்கள்.

இன்னொன்று, சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து வருகிற பர்வதராஜகுலத்துக் காவடி. இதுவும் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் இவர்கள் வந்து சேர்வார்கள். மலை மேலேயே வாழைப்பழமும் சர்க்கரையும் டன் கணக்கில் கொட்டிப் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். பழனி மலையில் இரவு தங்க யாருக்கும் அனுமதி கிடையாது. இவர்களுக்கு மட்டும் ஓர் இரவு உண்டு. தேரும் முடிந்து வெளியூர் வண்டிகளெல்லாம் கிளம்பிப் போன பிறகு வருகிற கூட்டத்துக்குத்தான் முருகனோடு ஒரு ராத்திரி முழுக்க இருக்கிற பாக்கியம் வாய்த்திருக்கிறது. தாமதமாக வந்ததால் இவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

பூசத்தன்று பழனியில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பத்து நாள் திருவிழாவுக்குக் கொடியேறுவது மலைக் கோயிலில் அல்ல. ஊருக்குள் இருக்கிற பெரியநாயகி அம்மன் கோயிலில். ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் பூசத்தன்று தேரோட்டம், பத்தாம் நாள் தெப்பம் எல்லாமே கீழேதான். வள்ளி தெய்வானையோடு முத்துக்குமாரசுவாமி தேரில் ஏறி ரத வீதியில் வருகிறார். அதாவது பூசத்தன்று திருவிழா நடப்பது மலையடிவாரத்து ஊரில். அதே நேரத்தில் நாம் மேலே தடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் மணிக்கணக்காக நிற்கிறோம். பூசத்தை ஒட்டிய சில நாட்கள் மலை மேல் தங்கரதப் புறப்பாட்டைக்கூட நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவு நெரிசல்.

2021 முதல் தமிழ்நாட்டில் தைப்பூசம் அரசு விடுமுறை. முருக பக்தர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் விடுமுறை அந்த ஒரு நாள்தான் என்பதால், அந்த ஒரு நாளிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரமும் கூடியிருக்கிறது. கடைசி நாளில் இரண்டு நாள் தூரத்தை ஒன்றாக நடக்கிறார்கள். தூக்கமில்லாமல், கண் செருகிக்கொண்டே நெடுஞ்சாலையில் நடக்கிறார்கள். காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் நடைபாதை, ஒளிரும் குச்சி என்று எவ்வளவோ செய்கின்றன. ஆனாலும் தள்ளாடுகிற கால் எந்தப் பக்கம் போகும் என்று யார் சொல்ல முடியும்? கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுச்சாமத்தில் அரைத் தூக்கமாக நடந்த ஒரு தாயைச் சத்திரப்பட்டிக்கு இந்தப் பக்கம் பார்த்தேன். அவளை உட்கார வைத்து, "விடிஞ்சு போகலாம்மா" என்று சொல்ல அவளோடு வந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் குழுவை வழிநடத்திய பெரியவர் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். கடைசி இரவில் ஆயக்குடியைத் தாண்ட விடமாட்டார். அங்கிருந்து பழனி ஒன்றரை மணி நேர நடைதான். மலை மேல் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? ஒரு வருஷம் இளவட்டம் ஒருவன் கேட்டேவிட்டான்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே ஐயா, ஒரே மூச்சுல போயிரலாமே?"

"போயிரலாம்ப்பா. போயி என்ன செய்வ? படுக்க இடம் தேடுவ. முருகனைப் பாக்க வந்தவன் படுக்க இடம் தேடிக்கிட்டா ஊருக்குள்ள நுழையிறது?"

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஓர் அரிசி ஆலைக் களத்தில் துண்டை விரித்தோம். ஆலைக்காரர் வீட்டம்மா வெந்நீரில் கல்லுப்புப் போட்டு அண்டாவில் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் ஒவ்வொருவர் காலையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கொப்புளம் இருந்தால் ஊசியில் நூல் கோத்து ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வாங்குவார். நூலை உள்ளேயே விட்டு, இரு முனையையும் நறுக்கிவிடுவார். நீர் நூல் வழியே கசிந்துவிடும், தோல் கிழியாது. மேலே தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சள். இதைச் செய்யும்போது அவர் யாரோடும் பேசமாட்டார். கேள்வி கேட்ட பையனின் காலில்தான் அன்றைக்கு அதிகக் கொப்புளம். அவன் காலை மற்றவர்கள் காலைவிடப் பொறுமையாகப் பார்த்தார்.

கடைசித் தங்கலை ஊருக்குக் கொஞ்சம் வெளியே வைப்பது நம்மவர் மட்டும் கண்ட வழியல்ல. ஆளந்தியிலிருந்தும் தேகுவிலிருந்தும் பண்டரிபுரத்துக்கு நடக்கிற வார்கரிகளின் பல்லக்குகள் வாகரி என்ற இடத்தில் ஒன்றுகூடி, ஆஷாட தசமியன்று சேர்ந்து ஊருக்குள் நுழைகின்றன. ஏகாதசிக்கு எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். ஸ்பெயினில் சாந்தியாகோவுக்கு நடக்கிறவர்களுக்கும் ஊருக்குச் சற்று முன்னால் ஒரு குன்று இருக்கிறது. தேவாலயக் கோபுரம் முதலில் கண்ணில் படுவது அங்கிருந்துதான். இரவு அங்கே தங்கிவிட்டு, காலையில் நிதானமாக இறங்கி, யாத்ரிகர்களுக்கான பகல் பூசைக்குப் போகிறவர்கள் பலர்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழனியில் வேளைக்கு வேளை அலங்காரம் மாறும். விடியற்காலை விளா பூசையில் சாது சந்நியாசி. பிறகு சிறுகால சந்தியில் வேடர், உச்சிக்காலத்தில் வைதீகர், மாலை சாயரட்சையில் ராஜா. நீங்கள் எத்தனை மணிக்குச் சந்நிதி சேர்கிறீர்களோ அதைப் பொறுத்து வேறு வேறு முருகன். ராஜ அலங்காரத்தைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் ஆசைப்படுகிறார்கள். என் மனசு காலையிலேயே நிற்கிறது. வழியெல்லாம் கிடைத்ததைச் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் படுத்து, ஒரு மாற்று உடையோடு நடந்து வந்தவன் முன்னால், தண்டத்தைப் பிடித்துக்கொண்டு அவனைப் போலவே ஒருவர் நிற்கிற வேளை அது. முந்தின இரவு சாத்திய ராக்காலச் சந்தனம் பிரசாதமாகக் கிடைப்பதும் காலையில்தான். இதற்காகவாவது நடுப்பகலில் களைத்துப்போய்ச் சேர்வதைத் தவிர்க்கலாம்.

ஆயக்குடியிலிருந்து இருட்டோடு கிளம்பினால் எல்லாம் வரிசையாக அமையும். இடும்பன் குளத்தில் குளியல், திருஆவினன்குடியில் வணக்கம், கிரிவீதியில் ஒரு சுற்று, பாத விநாயகருக்குச் சூறைத்தேங்காய், பிறகு படி. 693 படி. சமதரையிலேயே நாள்கணக்காக நடந்து பழகிய முழங்காலுக்குப் படி புதிது. முதல் ஐம்பது படியில் ஆடுசதை இழுத்துப் பிடிக்கும். ராத்திரி தூங்கியவன் நின்று, மூச்சு வாங்கி, ஏறிவிடுவான். தூங்காமல் வந்தவர்கள் படியோரத்தில் சாய்ந்து கிடப்பதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். சந்நிதிக்குள் நிற்கக் கிடைப்பது சில விநாடிகள். அந்தச் சில விநாடிகளிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கத் தெம்பில்லாமல், பின்னால் இருப்பவர் தள்ளியதும் வெளியே வந்து, "பார்த்தேனா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்ட ஓர் அம்மாவின் முகம் எனக்கு மறக்காது. பல ஊர் தாண்டி நடந்து வந்தவர் அவர்.

பூசத்தன்றே காவடி செலுத்துவதாக நேர்ந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நாள்தான்; அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. தினக்கூலிக்குப் போகிறவர்கள், கடையில் ஒரு நாள் லீவு கேட்டு வாங்கியவர்கள், இவர்களுக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கிற வசதி கிடையாது. ஆனால் நாள் கையில் இல்லாதவர்களுக்கும் வேளை கையில் இருக்கிறது. கடைசிப் பத்துக் கிலோமீட்டரை எப்படி நடப்பது என்பதும் கையில் இருக்கிறது. நேர்ந்துகொண்டது நடந்து வருவதாக. விழுந்தடித்து வருவதாக யாரும் நேர்ந்துகொள்வதில்லை.

அடுத்த தையில் நடக்க இருப்பவர்கள் குழுவில் பெயர் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். மலையேறுகிற நாளையும் வேளையையும் முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படுகிற நாளை வையுங்கள். கடைசி இரவுக்கு ஊருக்கு வெளியே தங்க இடம் சொல்லி வையுங்கள். முழங்கால் முடியாதவர்களை யானைப்பாதையில் கூட்டிப் போங்கள். முடிந்தால் பூசத்தன்று கீழேயே இருந்து தேர் பாருங்கள். மலைக்கு இரண்டு நாள் கழித்துப் போங்கள். கொடியேற்றத்திலிருந்து தெப்பம் வரை திருவிழா பத்து நாள். அந்தப் பத்து நாளும் மலை மேல் நடை திறந்துதான் இருக்கிறது.