வாசலில் இறங்கிய கியர் பாக்ஸ்

பிக்கப் வண்டியின் கிளட்ச் தேய்ந்துவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது மேடுதான். டாப் கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரையும், வண்டி வேகம் எடுக்காது. ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இறுகப் பிடித்திருக்க வேண்டிய கிளட்ச் பிளேட் தேய்ந்து நழுவுகிறது என்று பொருள். மாற்ற வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் முனையில் உட்கார்ந்திருக்கும் பைலட் பேரிங். ஆனால் கியர் பாக்ஸை இறக்காமல் இவற்றில் ஒன்றைக்கூடத் தொட முடியாது. அமெரிக்கப் பட்டறைகளில் இந்த வேலை ஆயிரம் டாலரைத் தாண்டுவது அதனால்தான். அதில் பெரும்பகுதி கூலி.

கிளட்ச் மிதியுள்ள பிக்கப்பே அங்கு அரிதாகிவிட்டது. ஃபோர்டு எஃப்-150இல் 2008க்குப் பிறகு மேனுவல் கியர் இல்லை. மினசோட்டாவில் 2011 வரை தயாரான ஃபோர்டின் சிறிய பிக்கப் ரேஞ்சர் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பியபோது ஆட்டோமேட்டிக்காக மட்டுமே வந்தது. ஆகவே வீட்டில் கிளட்ச் மாற்றப்படும் வண்டி பெரும்பாலும் பழைய ரேஞ்சராகவோ டொயோட்டா டகோமாவாகவோ இருக்கும்.

பின்சக்கர ஓட்டமுள்ள ரேஞ்சரில் வேலை இப்படிப் போகும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. பிறகு கியர் லிவர், புரொபெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்சின் ஹைட்ராலிக் குழாய் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள்தான் பொறுமையைச் சோதிக்கும். கியர் பாக்ஸின் முதுகுக்கு மேலாக நீண்ட எக்ஸ்டென்ஷனை விட்டு, கண்ணுக்குத் தெரியாத போல்ட்டைக் கையால் தடவித்தான் பிடிக்க முடியும். கியர் பாக்ஸின் எடையைத் தனி ஜாக்கி தாங்க வேண்டும். நேராகப் பின்னுக்கு இழுக்காமல் அதைத் தொங்கவிட்டால், அதன் ஷாஃப்ட் பிளேட்டின் நடுப்பகுதியை வளைத்துவிடும். உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

ஃபிளைவீலில் நீலத் திட்டோ வெடிப்புக் கோடோ தெரிந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையேல் புதிது போட வேண்டும். சனிக்கிழமை மாலை கழற்றிய ஃபிளைவீலுக்குத் திங்கட்கிழமைதான் லேத் கிடைக்கும். அதுவரை வண்டி அசையாது.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ கவுண்டியில் சட்டம் குறுக்கே வருவது இந்த இடத்தில்தான். நகராட்சிகளுக்கு வெளியே உள்ள குடியிருப்புகளுக்கான அதன் நில விதிகள், சொந்த வீட்டில் சொந்த வண்டிக்குச் செய்யும் வேலையையும் அளந்து கொடுக்கின்றன. ஆயில் மாற்றுவது, பிரேக் பாகம் போடுவது, பஞ்சர் பார்ப்பது போன்ற சிறு வேலைகளுக்குத்தான் அனுமதி. அவற்றுக்கும் நிபந்தனைகள் உண்டு. வீடுகளில் வழக்கமாக இருக்காத கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வீட்டில் குடியிருக்காத ஒருவரின் பெயரில் பதிவான வண்டியைத் தொடக் கூடாது. அதாவது வேறு வீட்டில் இருக்கும் தம்பியின் வண்டிக்கு அண்ணன் தன் வீட்டில் பிரேக் போட்டாலும் குற்றம். நாற்புறமும் மூடிய கராஜுக்கு வெளியே செய்யும் வேலையால் வண்டி 24 மணி நேரத்துக்கு மேல் ஓடாமல் கிடக்கக் கூடாது. ரசாயனக் கழிவு அக்கம்பக்கத்தைக் கெடுக்கும் என்பது சொல்லப்படும் காரணம். இந்த வாரம் கியர் பாக்ஸ் இறக்கிய ரேஞ்சர் ஒன்று ஒரு வீட்டு வாசலில் இரண்டாம் நாளாக நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நினைவூட்டியதும் இந்த 24 மணி நேரக் கணக்கைத்தான். கழிவைக் கீழே ஊற்றாதே என்று ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விதி இது. உழைத்துத் தன் வண்டியைத் தானே சரிசெய்பவரைக் கடிகாரம் பார்க்க வைப்பது நியாயமே இல்லை.

தமிழ்நாட்டில் பொலேரோ பிக்கப் காலையில் பட்டறைக்குப் போனால் மாலையில் லோடு ஏற்றத் திரும்பிவிடும். கியர் பாக்ஸைத் தாங்கிப் பிடிக்க நாலு கை இருக்கும், லேத் அடுத்த தெருவில் இருக்கும், சாமான் இல்லையென்றால் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும். பழைய ரேஞ்சர் வைத்திருப்பவர்கள் விரும்பி வாங்கும் லூக் கிளட்ச் செட்டின் பெயரிலேயே ஓசூரில் ஆலை நடந்திருக்கிறது.

ரேஞ்சரைத் திரும்பப் பூட்டும்போது பைலட் பேரிங்கைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பழையதைப் பிடுங்க, அதன் துளையில் கிரீஸையோ நனைத்த ரொட்டியையோ திணித்து, துளைக்குப் பொருந்தும் கம்பியால் அடிப்பார்கள். உள்ளே ஏறும் அழுத்தம் பேரிங்கை வெளியே தள்ளிவிடும். பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் என்று குறித்திருக்கும் முகம் ஃபிளைவீலையே பார்க்க வேண்டும். செட்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சியால் பிளேட்டை நடுவாக நிறுத்தி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரேஞ்சரில் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருப்பதால், பழையது நன்றாக இருந்தாலும் புதிது போடுவதே புத்திசாலித்தனம். பிறகு அது ஒழுகினால் கியர் பாக்ஸை மறுபடியும் இறக்க நேரும். கடைசியில் பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுக்க வேண்டும்.

இந்த வண்டியின் மேனுவல் கியர் பாக்ஸுக்கு ஊற்றுவது ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கான மெர்கான் ஆயில்தான். கெட்டியான கியர் ஆயிலை ஊற்றக் கூடாது. புதுப் பிளேட் பதியும்வரை, முதல் சில நூறு மைல்களுக்குப் பாரம் ஏற்றாமல் நிதானமாக ஓட்ட வேண்டும்.